வயலில் இருந்து காற்றோடு போகும் அமோனியாவை அளப்பது எப்படி: செட்டிநாட்டு மண்ணுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஐப்பசிக் கடைசியில் ஒரு தூறல் விழுந்து, புழுதியில் விதைத்த நெல் கணுக்கால் உயரம் வந்துவிட்டால் கல்லல், தேவகோட்டைப் பக்கம் எல்லோர் வீட்டிலும் யூரியா மூட்டையைப் பிரிப்பார்கள். மண் ஈரமாக இருக்கிறது, வானம் மூட்டமாக இருக்கிறது, இன்றைக்கோ நாளைக்கோ மழை வரும் என்று நம்பி அந்த யூரியா உப்பைத் தூவிவிடுவோம். மழை வந்தால் நல்லது. வராமல் மூன்று நாள் வெயில் காய்ந்தால், தூவியதில் ஒரு பங்கு பயிருக்கும் போகாது, மண்ணிலும் தங்காது. அமோனியாவாகிக் காற்றில் போய்விடும்.

எவ்வளவு போகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். பெரும்பாலும் அது வேறு எங்கோ, வேறு மண்ணில் அளந்த எண். நம் வயலில், நம் மண்ணில், நம் பருவத்தில் எவ்வளவு போகிறது என்பதை நாமே அளக்க முடியும். குளிர்பான பாட்டில், ஸ்பாஞ்ச், கொஞ்சம் அமிலம், பொறுமை, இவற்றோடு ஓர் ஆய்வகத்தின் உதவியும் இருந்தால் போதும். வேளாண் கல்லூரி மாணவர்கள், உழவர் குழுக்கள், பள்ளி அறிவியல் ஆசிரியர்கள் என யார் வேண்டுமானாலும் செய்யலாம். நான் செய்து பார்த்து, தவறிழைத்துத் திருத்திக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன்.

மண்ணுக்குள் என்ன நடக்கிறது

யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். ஈர மண்ணில் விழுந்ததும் யூரியேஸ் என்ற நொதி அதை உடைத்து அமோனியம் கார்பனேட் ஆக்குகிறது. இது காரப் பொருள். அதனால் குருணையைச் சுற்றியுள்ள மண்ணின் பி.எச். (புளிப்பா காரமா என்று காட்டும் எண், 7க்கு மேல் காரம்) சட்டென்று ஏறுகிறது. பி.எச். ஏற ஏற, மண்ணில் ஒட்டிக்கொள்ளும் அமோனியம் வாயுவான அமோனியாவாக மாறுகிறது. 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7.25 இருக்கும்போது நீரில் அமோனியமும் அமோனியாவும் சேர்ந்த மொத்தத்தில் சுமார் 1 விழுக்காடுதான் அமோனியா. 8.25 ஆனால் சுமார் 9 விழுக்காடு. 9.25 ஆனால் சரிபாதி. வெப்பம் கூடினால் இந்தப் பங்கு இன்னும் ஏறும்.

"நம்ம செம்மண் புளிப்பு மண்ணுதானே, இங்க அமோனியா போகாது" என்று சிலர் சொல்வார்கள். பாதிதான் உண்மை. வயல் முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் மண் புளிப்பாக இருக்கலாம். ஆனால் குருணை விழுந்த இடத்தில், ஓர் அரை அங்குலச் சுற்றளவுக்குள், சில நாள்களுக்கு அது கார மண்தான். செம்பூரான் கல் சிதைந்த நம் மணற்பாங்கான செம்மண்ணில் களி குறைவு. அமோனியத்தைப் பிடித்து வைக்கும் திறனும், பி.எச். ஏற்றத்தைத் தடுத்து நிறுத்தும் திறனும் குறைவு. கண்மாய் வண்டல் அடித்த வயலும் மேட்டுப் புஞ்சையும் இதில் ஒன்றாக நடந்துகொள்ளாது. புளிப்பைப் போக்கச் சுண்ணாம்பு தூவிய கையோடு யூரியாவும் தூவினால் இழப்பை நாமே கூட்டிவிடுகிறோம்.

இன்னொன்று, வேம்பு பூசிய யூரியா. 2015 முதல் நாட்டில் விற்கும் யூரியா பெரும்பாலும் வேம்பு பூசியதுதான். வேம்பின் முக்கிய வேலை அமோனியம் நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்துவது. மேலே கிடக்கும் யூரியா அமோனியாவாகப் பறப்பதை அது தடுத்துவிடும் என்று எண்ணி அசட்டையாக இருக்கக்கூடாது.

எந்த முறை நமக்கு ஒத்துவரும்

ஆராய்ச்சி நிலையங்களில் மிக உயர்வாக மதிக்கப்படுவது காற்றோட்டத்தை வைத்து அளக்கும் முறை. 20 முதல் 25 மீட்டர் ஆரம் உள்ள வட்டமான வயலில் உரமிட்டு, நடுவில் ஒரு கம்பம் நட்டு, பல உயரங்களில் அமோனியாவைப் பிடிப்பார்கள். வயலின் இயற்கை நிலையைக் கொஞ்சமும் கெடுக்காத முறை இது. ஆனால் சுற்றிலும் தடையில்லாத வெட்டவெளி வேண்டும். வரப்புக்கு வரப்பு பனைமரமும் சீமைக்கருவேலும் நிற்கும் நம் துண்டு வயல்களில் காற்று சீராக ஓடாது. கூண்டுக்குள் பம்பு வைத்துக் காற்றை இழுத்து அமிலத்தில் குமிழவிடும் முறையும் உண்டு. அதற்கு வயலில் இரவு பகலாக மின்சாரம் வேண்டும்.

நமக்கு ஏற்றது பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் உருவாக்கிய பாட்டில் முறை. இரண்டு லிட்டர் பாட்டிலின் அடியை வெட்டி மண்ணில் கவிழ்த்து, உள்ளே அமிலத்தில் நனைத்த ஸ்பாஞ்சைத் தொங்கவிடுவது. காற்று மேலே வாய் வழியாகப் போய்வரும், ஸ்பாஞ்ச் அமோனியாவைப் பிடிக்கும். இது எல்லா அமோனியாவையும் பிடிக்காது, பாட்டிலுக்குள் காற்றின் வேகமும் வெளியில் உள்ளது போல இருக்காது. ஆகவே இதில் வரும் எண்ணை "என் வயலில் இவ்வளவு போனது" என்று உறுதியாகச் சொல்ல எடுத்துக்கொள்ளாமல், "மேலே தூவியதை விட மண்ணுக்குள் போட்டதில் இத்தனை மடங்கு குறைந்தது" என்று ஒப்பிடவே முதலில் பயன்படுத்த வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த எண்ணத்தில்தான் போகிறது.

தொடங்கும் முன் கண்ணால் பார்த்துவிடுங்கள்

வாயு கண்ணுக்குத் தெரியாது என்பதால் வயல்காரருக்கு நம்பிக்கை வருவது கடினம். எனக்கு வயல் கொடுத்தவர் முதல் நாள் கேட்டது இதுதான்: "தம்பி, அந்த பாட்டிலுக்குள்ள என்னத்தப் பிடிக்கப் போறீக?"

இரண்டு ஊறுகாய் ஜாடியில் அவர் வயல் மண்ணையே ஈரமாக ஆளுக்கு ஒரு கை போட்டோம். ஒன்றில் ஒரு தேக்கரண்டி யூரியா. மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்துப் பூசிய வெள்ளைக் காகிதத்தை ஈரத்தோடு மூடியின் உள்பக்கம் ஒட்டி, மண்ணைத் தொடாமல் மூடி வைத்தோம். மஞ்சள் காரம் பட்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பது இதே காரணத்தால்தான். ஓரிரு நாளில் யூரியா ஜாடியின் காகிதம் செம்மண் நிறமாகிவிட்டது, மற்றது மஞ்சளாகவே இருந்தது. மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறிய நெடியைப் பார்த்துவிட்டு அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. காகிதம் காய்ந்துவிட்டால் நிறம் சரியாக வராது, இடையில் ஒருமுறை நனைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டில் கூண்டு செய்தல்

ஒரே நிறுவனத்தின், ஒரே அளவுள்ள, நிறமில்லாத இரண்டு லிட்டர் பாட்டில்களாகச் சேருங்கள். அளவு மாறினால் கணக்கு மாறும். அடிப்பகுதியை நேராக வெட்டி எடுங்கள். வெட்டிய அடியைத் தூக்கிப் போட வேண்டாம், அதுதான் கூரை. பாட்டில் வாய்க்கு மேல் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டுக் கம்பியால் அதைக் குடை போலக் கட்டிவிட்டால் மழை உள்ளே வராது, காற்று வரும். மூடியைக் கழற்றிவிட வேண்டும்.

ஸ்பாஞ்ச் 3 மில்லிமீட்டர் தடிமன், இரண்டரை சென்டிமீட்டர் அகலம், 25 சென்டிமீட்டர் நீளம். மெத்தைத் தைக்கும் கடைகளில் தாளாக வாங்கி வெட்டிக்கொள்ளலாம். வாங்கியதை அப்படியே பயன்படுத்தாதீர்கள். நீர்த்த அமிலத்தில் ஒருமுறை, வாலைவடிநீரில் (காய்ச்சி வடித்த தண்ணீர்) மூன்று முறை பிழிந்து அலசி, நிழலில் சுத்தமான அறையில் உலர்த்தி, மூடிய பையில் வையுங்கள். பாட்டில் வாயில் இருந்து கம்பியில் ஸ்பாஞ்சைத் தொங்கவிட்டு, அதன் கீழ் முனை 50 மி.லி. குப்பி ஒன்றுக்குள் இருக்கும்படி குப்பியையும் அதே கம்பியில் கட்டுங்கள். அமிலம் ஸ்பாஞ்ச் வழியே மேலே ஏறி அதை ஈரமாகவே வைத்திருக்கும். குப்பி மண்ணைத் தொடக்கூடாது. ஒரு சொட்டு அமிலம் கீழே சிந்தினாலும் அந்த இடத்து அளவு கெட்டது.

உங்கள் பாட்டிலின் பரப்பை நீங்களே அளந்துகொள்ளுங்கள். மண்ணில் அழுந்தும் வெட்டிய விளிம்பின் உள்விட்டம் 11 செ.மீ. என்றால் ஆரம் 5.5, பரப்பு 95 சதுர செ.மீ., அதாவது 0.0095 சதுர மீட்டர். கீழே எல்லாக் கணக்கும் இந்த அளவுக்குத்தான்.

அமிலக் கரைசல்

ஒரு லிட்டர் தயாரிக்க, 700 மி.லி. வாலைவடிநீரை எடுத்து, அதில் 98 விழுக்காடு அடர் கந்தக அமிலம் 55 மி.லி. மெதுவாக, கலக்கிக்கொண்டே சேர்க்க வேண்டும். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இந்த வேலையைத் தொடக்கூடாது, இதைப் பிள்ளைகளிடம் கொடுக்கவே கூடாது. ஆய்வகத்தில் தயாரித்து வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது. ஆறியதும் 40 மி.லி. கிளிசரின் சேர்த்து ஒரு லிட்டராக்குங்கள். மருந்துக் கடைக் கிளிசரின் போதும். அது ஸ்பாஞ்சை வெயிலில் காயவிடாமல் காக்கும். பாட்டரிக் கடை அமிலம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதன் அடர்த்தியும் சுத்தமும் நம் கையில் இல்லை. வேண்டாம்.

ஒரு குப்பிக்கு 10 மி.லி. போதுமா? அது 280 மி.கி. தழைச்சத்து வரை பிடிக்கும். ஏக்கருக்கு ஒரு மூட்டை போட்டால் ஒரு பாட்டிலின் அடியில் விழும் மொத்தத் தழைச்சத்தே 49 மி.கி.தான். ஆகவே அமிலம் தீர்ந்துவிடும் என்ற கவலை இல்லை.

யூரியாவை எடை போடுதல்: இங்கேதான் பலர் கோட்டை விடுவது

ஒரு மூட்டை 45 கிலோ, அதில் தழைச்சத்து 20.7 கிலோ. ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஆக ஒரு சதுர மீட்டருக்கு 11.1 கிராம் யூரியா. நம் பாட்டில் பரப்புக்கு 0.106 கிராம், அதாவது 106 மி.கி. எண்ணிப் பார்த்தால் சில பத்துக் குருணைகள்தான்.

கையால் தூவும்போது ஓரிடத்தில் இருபது குருணை விழும், ஒரு சாண் தள்ளி அறுபது விழும். ஏக்கர் கணக்கில் அது பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் பாட்டிலை எங்கே கவிழ்க்கிறோம் என்பதை வைத்து முடிவு மூன்று மடங்கு மாறும். ஆகவே பாட்டில் உட்காரும் ஒவ்வொரு வட்டத்துக்கும் யூரியாவைத் தனித்தனியாக எடை போட்டே ஆக வேண்டும். ஒரு மி.கி. காட்டும் தராசு இருந்தால் அதில் போடுங்கள். இல்லையென்றால் நகைக்கடையில் கேட்டுப் பாருங்கள். காரைக்குடியில் அதற்குப் பஞ்சமில்லை. அதுவும் முடியாவிட்டால் ஆய்வகத்தில் நூறு குருணையை எடை போட்டு, ஒரு குருணையின் சராசரி எடையைக் கண்டு, எண்ணிப் பொட்டலம் கட்டலாம். மழைக்காலக் காற்றில் யூரியா உடனே கசியும் என்பதால் பொட்டலங்களை மூடிய டப்பாவில் வையுங்கள். கரைத்து ஊற்றுவது எளிதாகத் தோன்றும். ஆனால் கரைசல் மண்ணுக்குள் இறங்கிவிடும், குருணை மேலே கிடக்கும். இரண்டும் ஒன்றல்ல.

வயலில் பாத்தி போடுதல்

முதல் முறை நான்கு வகை போதும். ஒன்று, யூரியா இல்லாத வெறும் மண். இரண்டு, ஈர மண்ணின் மேல் தூவியது. மூன்று, தூவிய உடனே 15 மி.மீ. மழைக்குச் சமமாகத் தண்ணீர் ஊற்றியது. நான்கு, 5 செ.மீ. ஆழத்தில் போட்டு மண்ணால் மூடியது. ஒவ்வொன்றும் நான்கு பாத்தி, மொத்தம் பதினாறு. எது எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். வரிசையாக வைத்தால் கண்மாய்ப் பக்கத்து ஈரமும் மேட்டுப் பக்கத்து வறட்சியும் முடிவில் கலந்துவிடும்.

பாத்தி ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர். தண்ணீர் ஊற்றும் பாத்திக்கு 15 லிட்டர், பூவாளியால், அடித்து வழிந்து ஓடாதபடி ஊற்ற வேண்டும். ஒவ்வொரு பாத்தியிலும் பாட்டில் உட்காரும் மூன்று வட்டங்களைக் குச்சி நட்டு அடையாளம் வைத்து, அந்த மூன்றுக்கும் எடை போட்ட பொட்டலம், மீதிக்குக் கைத்தூவல். ஏன் மூன்று? பாட்டில் ஒரே இடத்தில் நின்றால் அந்த மண்ணில் மழை விழாது, பனி இறங்காது, வெப்பமும் மாறும். ஸ்பாஞ்ச் மாற்றும் ஒவ்வொரு முறையும் பாட்டிலை அடுத்த வட்டத்துக்கு நகர்த்தினால் வெளியே பெய்த மழையின் தாக்கமும் அளவில் வந்து சேரும். நம் பருவத்துக்கு இது மிக முக்கியம். மார்கழிப் பனி குருணையைக் கரைக்கும் அளவுக்கு ஈரம் தரும், மண்ணுக்குள் இறக்கும் அளவுக்குத் தராது. பகலில் காய்ந்ததும் இழப்பு கூடும். அசையாத பாட்டில் இந்த விளையாட்டைக் காட்டாது.

பாட்டிலை ஒரு சென்டிமீட்டர் மண்ணில் அழுத்தி, இரண்டு பக்கமும் கம்பி நட்டுக் கட்டுங்கள். சுற்றிலும் கருவேல முள் போட்டு வேலி அவசியம். ஆடு மாட்டை மட்டும் நினைத்து வேலி போட்டேன், குன்றக்குடிப் பக்கம் மயில் வந்து இரண்டு பாட்டிலைச் சாய்த்துவிட்டுப் போனது. மேலே வலையும் வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

தொடங்கும் நாளில் மேல் ஒரு சென்டிமீட்டர் மண்ணின் பி.எச். பார்த்து எழுதுங்கள்: 10 கிராம் மண்ணுக்கு 25 மி.லி. வாலைவடிநீர், அரை மணி நேரம் அவ்வப்போது கலக்கி அளப்பது. ஈரம், மண் வெப்பம், மழை, காற்று ஆகியவற்றைத் தினமும் குறித்து வையுங்கள். மழைமானி இல்லாவிட்டால் நேர்ச்சுவர் உள்ள டப்பாவும் அளவுகோலும் போதும்.

ஸ்பாஞ்ச் மாற்றும் நாள்கள்

இழப்பின் பெரும்பகுதி முதல் வாரத்திலேயே முடிந்துவிடும். ஆகவே 1, 2, 3, 5, 7, 10, 14, 21 ஆகிய நாள்களில் மாற்றுங்கள். ஒரே நேரத்தில், காலையில் மாற்றுவது நல்லது. எடுக்கும் ஸ்பாஞ்சைக் குப்பியில் மிஞ்சிய அமிலத்தோடு அப்படியே இறுக மூடும் பாட்டிலில் போட்டு, எண் ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். புதிய ஸ்பாஞ்சைத் தொடும் முன் கையுறை மாற்றுங்கள். வியர்வையிலும் யூரியா உண்டு. யூரியா தூவிய கையால் ஸ்பாஞ்சைத் தொட்டால் அன்றைய அளவே வீண்.

ஒவ்வொரு முறையும் இரண்டு வெற்று மாதிரிகள் எடுங்கள். அதாவது அமிலத்தில் நனைத்த ஸ்பாஞ்சை வயலுக்குக் கொண்டுபோய், திறந்து உடனே மூடித் திரும்பக் கொண்டுவருவது. இதைத் தேவையில்லாத வேலை என்று விட்டுவிடாதீர்கள். என் முதல் ஆண்டில் வெற்று மாதிரியே வயல் மாதிரிக்குச் சமமாக அமோனியா காட்டியது. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பின் காரணம் தெரிந்தது. நனைத்த ஸ்பாஞ்சுகளை நான் முதல்நாள் இரவு வைத்திருந்தது மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய திண்ணையில். கோமியத்தின் அமோனியா முழுவதையும் அவை குடித்திருந்தன. அந்தப் பருவத்து அளவு அத்தனையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. வெற்று மாதிரி இல்லாமல் இருந்திருந்தால் அந்தத் தவறான எண்களை நான் உண்மை என்று எல்லோரிடமும் சொல்லியிருப்பேன்.

பதினாறு பாட்டில், இரண்டு வெற்று மாதிரி, எட்டு முறை: 144 மாதிரி. ஆய்வகத்தில் ஒன்றுக்கு ஆறு நிமிடம் என்றாலும் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆய்வகத்தாரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையம், செட்டிநாட்டில் உள்ள மானாவாரி வேளாண் ஆராய்ச்சி நிலையம், பக்கத்து வேளாண் கல்லூரி எனக் கேட்டுப் பார்க்க நம் பக்கம் இடங்கள் இருக்கின்றன. மண்ணின் தழைச்சத்தை ஜெல்டால் முறையில் அளக்கும் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஆய்வகத்தில்

ஸ்பாஞ்சை வாலைவடிநீரில் மூன்று நான்கு முறை பிழிந்து, எல்லாவற்றையும் சேர்த்துச் சரியாக 100 மி.லி. ஆக்குங்கள். அதில் 20 மி.லி. எடுத்து ஜெல்டால் குழாயில் விட்டு, 40 விழுக்காடு சோடியம் ஹைட்ராக்சைடு 10 மி.லி. சேர்த்து நீராவியில் வடிக்க வேண்டும். வெளிவரும் அமோனியாவை, நிறங்காட்டி கலந்த போரிக் அமிலம் பிடிக்கும். ஒயின் சிவப்பாக இருப்பது பச்சையாகும். அதை 0.02 நார்மல் கந்தக அமிலத்தால் மீண்டும் சிவக்கும் வரை தரம்பார்க்க (சொட்டுச் சொட்டாக விட்டு, எவ்வளவு செலவாகிறது என்று அளக்க) வேண்டும். இந்த அமிலம் ஒரு மி.லி. செலவானால் 0.28 மி.கி. தழைச்சத்து என்று கணக்கு.

அன்றைக்கே முடியாவிட்டால் மாதிரிகளை 4 டிகிரியில் வைக்கலாம். அமிலத்தில் இருக்கும் அமோனியம் எளிதில் தப்பாது. மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கணக்கு

எடுத்துக்காட்டுக்கு ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் நாள் ஸ்பாஞ்சுக்கு 1.2 மி.லி. அமிலம் செலவானது, வெற்று மாதிரிக்கு 0.2 மி.லி. வித்தியாசம் 1.0 மி.லி., அதாவது 0.28 மி.கி. இது 20 மி.லி.க்கு. 100 மி.லி.க்கு ஐந்தால் பெருக்கினால் 1.4 மி.கி.

இப்படி எட்டு ஸ்பாஞ்சையும் கூட்டினால் 4.5 மி.கி. வந்ததாக வைப்போம். வெறும் மண் பாத்தியில் அதே நாள்களில் 0.3 மி.கி. அதைக் கழித்தால் 4.2 மி.கி. இட்டது 48.6 மி.கி. ஆகவே பாட்டில் பிடித்தது 8.6 விழுக்காடு.

ஆனால் பாட்டில் எல்லாவற்றையும் பிடிக்காது என்று முதலிலேயே சொன்னேன். பிரேசில் ஆய்வில், அவர்கள் அமைப்புக்கு, பிடித்ததை 1.74 ஆல் பெருக்க வேண்டும் என்று கண்டார்கள். அதை இங்கே போட்டால் 15 விழுக்காடு. ஏக்கருக்கு 3.1 கிலோ தழைச்சத்து, யூரியாவாகச் சொன்னால் 6.8 கிலோ. எழுதும்போது பெருக்கும் முன் எண், பெருக்கிய பின் எண், இரண்டையும் எழுதுங்கள். மானிய விலையில் பார்த்தால் இது சில பத்து ரூபாய்தான் என்று தோன்றும். பயிருக்கு அது அப்படி இல்லை. கதிர் உருவாகும் நேரத்தில் அந்த மூன்று கிலோ கிடைத்திருந்தால் நெல்லாக எவ்வளவு மாறியிருக்கும் என்றுதான் உழவர் பார்க்க வேண்டும்.

ஒரே வகையின் நான்கு பாத்தியில் ஒன்று 3 காட்டும், பக்கத்தில் உள்ளது 6 காட்டும். பயப்பட வேண்டாம், வயலின் இயல்பு அது. பாட்டில் சாய்ந்தது, அமிலம் சிந்தியது போன்ற காரணம் எழுதி வைத்திருந்தால் ஒழிய எந்த எண்ணையும் நீக்காதீர்கள். பிடிக்காத எண்ணை நீக்கத் தொடங்கினால் அப்புறம் அளப்பதில் பொருளே இல்லை.

உங்கள் பாட்டிலுக்கு உங்கள் எண்

1.74 வேறு நாட்டுக் காற்றின் எண். உங்கள் பாட்டில் எவ்வளவு பிடிக்கிறது என்று நீங்களே சோதிக்கலாம். யூரியா போடாத இடத்தில் பாட்டிலைக் கவிழ்த்து, உள்ளே ஒரு சிறு கண்ணாடித் தட்டில் 47.2 மி.கி. அம்மோனியம் சல்பேட்டை (அதில் தழைச்சத்து 10 மி.கி.) கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வையுங்கள். கடைசி நொடியில் சில சொட்டு சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு உடனே கவிழ்க்க வேண்டும். ஒரு நாள் கழித்துத் தட்டில் மிஞ்சியதை அமிலத்தால் கழுவி எடுத்து அளங்கள், ஸ்பாஞ்சில் பிடித்ததையும் அளங்கள். தட்டில் இருந்து 9 மி.கி. போய், ஸ்பாஞ்சில் 5.4 மி.கி. இருந்தால் 60 விழுக்காடு பிடித்திருக்கிறது. உங்கள் எண் 1.67. காற்று அடிக்கும் நாளில் மூன்று முறை, அடிக்காத நாளில் மூன்று முறை செய்யுங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பார்த்த பிறகு யாரும் தசம புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் போட்டுப் பேசமாட்டார்கள்.

தண்ணீர் நிற்கும் வயலில்

கண்மாய் நிறைந்து, வயலில் தண்ணீர் கட்டிய பிறகு போடும் யூரியாவின் கதை வேறு. நிற்கும் தண்ணீரில் பாசி பகலில் கரியமில வாயுவை எடுத்துக்கொள்வதால் நண்பகலில் நீரின் பி.எச். 9க்கு மேலும் போகும், இரவில் இறங்கிவிடும். இழப்பும் பகல் உச்சியில்தான். பாட்டில் வைத்தால் நிழல், காற்று, பாசி எல்லாம் மாறும், அளவை நம்ப முடியாது. இங்கே நான் செய்வது: உரமிட்ட நாளில் இருந்து ஐந்து நாள், விடியற்காலையும் பகல் ஒரு மணிக்கும் நீரின் பி.எச்., வெப்பம் இரண்டையும் அளப்பது, இரண்டு சொட்டு அமிலம் விட்ட நீர் மாதிரியை அமோனியம் பார்க்க அனுப்புவது. பி.எச். அளக்கும் மாதிரியில் அமிலம் விடக்கூடாது, தனித்தனிக் குப்பி. இழப்பு எத்தனை கிலோ என்று இது சொல்லாது, ஆனால் எந்த வயலில், எந்த நேரத்தில் ஆபத்து அதிகம் என்று தெளிவாகக் காட்டும். தண்ணீரை வடித்துச் சேற்றில் யூரியாவைப் போட்டுக் கலக்கி, பிறகு தண்ணீர் கட்டிய பாத்தியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கிடை போட்ட நிலத்தில்

யூரியா மூட்டைக்கு முன்பிருந்தே நம் பக்கம் உள்ள உரம் ஆட்டுக்கிடை, அதாவது மந்தையை இரவில் வயலிலேயே அடைத்து வைப்பது. ஆட்டு மூத்திரத்தில் உள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி யூரியாதான், ஆகவே அமோனியா இங்கேயும் போகும். ஆனால் மூத்திரம் திட்டுத் திட்டாக விழும். எந்த வட்டத்தில் எவ்வளவு விழுந்தது என்று எடை போட முடியாது. அதனால் பாட்டில்களைக் கூட்ட வேண்டும்: கிடைக்குள் பத்து, வெளியே நான்கு, இடத்தைக் கயிறு பிடித்துச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஈரத் திட்டைப் பார்த்து வைக்கக்கூடாது. பாதி நிலத்தைக் காலையிலேயே உழுது, மீதியை மூன்று நாள் அப்படியே விட்டு இரண்டையும் ஒப்பிடலாம். மூத்திரத்தில் யூரியா வேகமாக உடையும் என்பதால் முதல் நாளை இரண்டாகப் பிரித்து, ஆறு மணி நேரத்திலும் இருபத்து நான்கு மணி நேரத்திலும் ஸ்பாஞ்ச் மாற்றுங்கள். மந்தையை மேய்க்கும் கீதாரியிடம் முதல்நாள் மாலையே பேசி வைத்து, விடியும் முன் பாட்டில்களோடு வயலில் நில்லுங்கள். மந்தை எழுந்து நகர்ந்ததும் முதல் பாட்டிலைக் கவிழ்த்துவிட வேண்டும்.